பன்னிரண்டு படங்கள்

தேறிவிட்டால் தனி வகுப்பில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களா, இதென்ன கூத்து, தேறினால்தானே சேர்ப்பார்கள்... பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் பக்கத்தில் இருப்பவள், அவளும் சலவைக்கூடத்துக்குப் பின்னால் இருக்கிற அதே ஈரச்சுவர் வரிசைவீட்டுக்காரிதான், "ஆமாக்கா, படிப்பு வராத பிள்ளைக்குத்தான் தனி டீச்சர், கடிதாசில போட்டிருந்துச்சே" என்கிறாள். போட்டிருந்ததாம். இவள் அதில் தேதியையும் மணியையும் மட்டும் வேலையிடத்தில் ஒருத்தியைப் படித்துச் சொல்லச் சொன்னாள், மீதியை, சேர்க்கைக்கு வைக்கிற பரீட்சை என்று தானாகவே முடிவு கட்டிக்கொண்டாள். போன மாதம் டீச்சர் காட்டியபோது மகள் திருதிருவென்று விழித்த அந்தப் பன்னிரண்டு படங்களையும் வரிசை மாறாமல் மனசில் வைத்து, பத்து நாளாக, வேலை விட்டு வந்த கையோடு... குடை, ஏணி, பூட்டு, அடுத்து என்னடி... கதவுக்குள்ளே இப்போது மகளின் குரல் கணீரென்று கேட்கிறது, குடை, ஏணி, பூட்டு, சீப்பு.

சின்ன வயசில் இவளுக்கு இவள் அக்கா இப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். கட்டிலுக்கு அடியில் இரண்டு பேரும் குப்புறப் படுத்துக்கொண்டு, மேலே அப்பாவின் குறட்டை, அக்கா முதல் வரியை எடுத்துக் கொடுத்தால் மீதியை இவள் கடகடவென்று ஒப்பிக்க வேண்டும், தப்பினால் காதில் ஒரு சுண்டு, சரியாகச் சொன்னால் தன் தலையணையையே கொடுத்துவிடுவாள், என்ன சுகமான நாட்கள், அவளைப் போல யார் வருவார்கள்... அப்போதெல்லாம் வகுப்புக்கு ஒரு மக்குதான், அது இவளாக இருந்திருக்க வேண்டும், அக்கா விடவில்லை. இந்த பெஞ்சில் இன்றைக்கு ஒன்பது பேர், ஒன்பது பேரும் அந்த வரிசைவீடுகள்தான், சுவரில் பூஞ்சை, பிள்ளைக்கு ஓயாத சளி, அம்மாவுக்கு இரண்டு வேலை, பேச்சுக் கொடுக்க வீட்டில் ஆள் ஏது. அக்கா புண்ணியத்தில் இவள் ஐந்தாவதுவரை, எழுத்துக் கூட்டத் தெரியாமலே, வாயாலேயே ஏறிவிட்டாள், ஒருத்தருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒருத்தருக்குமே வரவில்லை... அதனால்தானே ஒரு கடிதாசியைக்கூட...

கதவு திறக்கிறது. டீச்சர் சிரித்த முகமாக, "வீட்டுல நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க, உங்க பொண்ணுக்கு எங்க உதவி தேவைப்படாதுங்க" என்கிறார். மகள் ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள், "எல்லாத்தையும் சொல்லிட்டேம்மா", முகமெல்லாம் பல். சொல்லிவிட வேண்டும், அது மனப்பாடமுங்க, வேறு படத்தைக் காட்டிப் பாருங்க, இதுக்கு ஒன்றும் வராதுங்க என்று, பிள்ளையை வைத்துக்கொண்டே சொல்ல வேண்டும்... அக்கா ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு வருஷம், இவளைத் தோற்கவிட்டிருக்கலாம். இத்தனை வயசில் அக்கா மேல் கோபம் வருவது இதுதான் முதல் தடவை, வந்ததும் அழுகை முட்டுகிறது. டீச்சர் அடுத்த பிள்ளையைக் கூப்பிடுகிறார். "ஒரு நிமிஷங்க" என்கிறாள் இவள், மகள் அண்ணாந்து பார்க்கிறாள்.