கொக்கி மாட்டாத கவர்

கமலவல்லி துடுப்புப் பிடிக்கக் கற்றது கல்லூரியில். அதற்கு முன் அவள் வீட்டில் யாரும் படகேறியதில்லை. அப்பா தங்கையனும் அம்மா ராசம்மாளும் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே பண்ணை வயலில் நடவும் அறுப்புமாகக் கிடந்தவர்கள். நில உச்சவரம்புச் சட்டத்தில் பண்ணையிலிருந்து எடுத்த நிலத்தில் ஒரு துண்டு தங்கையன் பெயருக்குப் பட்டாவானது. அந்தத் துண்டில் விளைந்த நெல்தான் மகளைப் படிக்க வைத்தது. இப்போது அவள் நாகப்பட்டினத்தில் ஒரு கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியை. கயாக் என்ற ஒற்றை ஆள் துடுப்புப் படகில் மாநிலப் போட்டியில் பதக்கம் வாங்கியவள். விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் பழைய மாருதி காரின் தலையில் கயாக்கைக் கட்டிக்கொண்டு முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டு வாய்க்காலுக்குப் போவாள். துணைக்குத் தங்கையன் வருவார். மகள் தண்ணீரில் போவதைக் கரையில் நின்று பார்ப்பதில் அவருக்கு அப்படியொரு ஆசை.

அந்த வருடம் ஊர் இரண்டாகிக் கிடந்தது. பட்டா வயல்களை ஒட்டி வெளியூர்க்காரர் ஒருவர் பல வருடங்களுக்கு முன்பே இறால் குட்டை வெட்டியிருந்தார். குட்டையின் உப்பு கசிந்து நாற்று கருகியது. கருகிய வயலை அவரே விலைக்குக் கேட்டார். சிலர் கொடுத்துவிட்டார்கள். கொடுக்காதவர்கள் கமிட்டி போட்டு, வருடாவருடம் தாலுகா ஆபீசில் நடக்கும் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தார்கள். ஆட்சி மாறும்போதெல்லாம் மனுவைப் புதிதாக எழுதினார்கள். எந்தக் கட்சி வந்தாலும் குட்டையிலிருந்து வரும் உப்புத்தண்ணீர் நிற்கவில்லை.

வயலைக் கொடுத்தவர்களில் வைரக்கண்ணு ஒருவன். அதே தெருக்காரன். ஒரு காலத்தில் தங்கையனோடு கொடி பிடித்து ஊர்வலம் போனவன். அவன் குட்டைக்கே காவல்காரனாகி, கழிவுத் தண்ணீரை வடிகாலில் திறந்துவிட ஆரம்பித்ததும் தெருவில் அவனோடு யாரும் பேசுவதில்லை. அவன் மனைவி ரெங்கம்மாளை நடவுக்கும் கூப்பிடுவதில்லை.

ஐப்பசியில் ஒரு மாலை. கமலவல்லி கரையேறும்போதே வானம் கறுத்துவிட்டது. கயாக்கைக் காரின் தலையில் ஏற்றிப் பட்டையால் இறுக்கினாள். கயாக்கில் ஆள் உட்காரும் குழி மேலே பார்த்துத் திறந்திருக்கும். போகும் வழியில் மழை பிடித்தால் குழி நிறைந்து கனம் ஏறும், பட்டை தளரும். அதற்காக நைலான் துணியில் ஒரு கவர் வைத்திருந்தாள். ஓரத்தில் இலாஸ்டிக் உண்டு. இழுத்துக் குழியின் விளிம்பில் மாட்டினால் மேளத்தோல் மாதிரி விறைப்பாக நிற்கும். ஆனால் ஓடும் காரில் காற்று அடியில் புகுந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும் என்பதால், கவரிலிருந்து ஒரு கயிறும் கயிற்று முனையில் ஒரு கொக்கியும் தொங்கும். கொக்கியைப் படகின் வளையத்தில் மாட்டிவிட வேண்டும். தங்கையன் பலமுறை செய்த வேலைதான். அவள் துடுப்பைத் துடைத்து உள்ளே வைக்க, கவர் போடுவதை அவரிடம் விட்டாள். தூறல் பெருத்தது. இருவரும் ஓடிப்போய்க் காரில் ஏறினார்கள்.

பாதி வழியில் எதிரே ஒரு லாரி வேகமாக வந்து கடந்தது. காற்று காரை ஒரு உலுக்கு உலுக்கியது. தலைக்குமேல் சடசடவென்று ஒரு சத்தம். கமலவல்லி கண்ணாடியில் பார்த்தபோது கவர் பின்னால் பறந்துகொண்டிருந்தது. பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள். ஈரத்துணி அதை ஓட்டி வந்தவன் முகத்தில் அறைந்து அப்பியது. வண்டி மதகுச் சுவரில் மோதியது.

அவள் காரை நிறுத்திவிட்டு ஓடினாள். வாய்க்கால் ஓரச் சேற்றில் கிடந்தவனைப் புரட்டி, முகத்திலிருந்த துணியை எடுத்தாள். வைரக்கண்ணு. தலையின் ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மூச்சு இருந்தது.

இருவருமாகத் தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினார்கள். தங்கையன் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டார். திருத்துறைப்பூண்டி வரும்வரை, “கண்ண மூடாதடா வைரம், இந்தா வந்துட்டோம்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அழுவதைக் கமலவல்லி கண்ணாடியில் பார்த்தாள். அம்மாவைப் பெற்ற தாத்தா செத்தபோதுகூட அவர் அழுததில்லை. ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் நாடி பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

வேட்டி முழுவதும் ரத்தத்தோடு தங்கையன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கொக்கி மாட்டினீர்களா என்று அவள் கேட்டாள். அவர் தன் கையைப் பார்த்தார்.

“மறந்துட்டேம்மா. மழை வந்துச்சு.”

போலீசில் கேட்டபோது, படகைக் கட்டியதும் கவர் போட்டதும் நான்தான் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். தங்கையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஊரில் கதை வேறு விதமாகப் போயிற்று. தங்கையன் குறி பார்த்துத் துணியை வீசினார் என்றார்கள். வைரக்கண்ணு வரும் நேரம் பார்த்துக் காத்திருந்து செய்தார் என்றார்கள். குட்டைக்காரர் தரப்பு கொலை என்று புகார் கொடுத்தது. கமிட்டிக்காரர்கள் அதையே பெருமையாகப் பேசினார்கள். டீக்கடையில் தங்கையனுக்கு இடம் விட்டு எழுந்தார்கள். கமிட்டித் தலைவராக அவரையே போட்டார்கள். குட்டையில் மற்ற காவலாட்கள் பயந்து வேலையை விட்டு நின்றுகொண்டார்கள். திறந்துவிட ஆளில்லாமல் வடிகாலில் உப்புத்தண்ணீர் வருவது நின்றது. இத்தனை காலம் மனுவால் நடக்காதது ஒரு சாவால் நடந்தது.

முதலில் கமலவல்லி, அப்பா மறுத்துச் சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். அவர் இல்லையென்றும் சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. டீயை வாங்கிக் குடித்தார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“நீங்க அழுதத நான் பாத்தேன்ப்பா. இல்லன்னு ஏன் சொல்ல மாட்டேங்கிறீங்க?”

தங்கையன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார். “பொறந்ததுலேருந்து நாமதான் அடுத்தவனுக்குப் பயந்திருக்கோம். இப்பதான் அவனுங்க பயப்படுறானுங்க. அது நாலு பேரு வயல காப்பாத்துதுல்ல?”

ராசம்மாள் குழம்புச் சட்டியை உள்ளே எடுத்துப் போனாள்.

கமலவல்லி ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனாள். வாசலில் அவளுடைய இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தன. நடந்ததை மறைக்காமல் சொன்னாள்: கவர் போட்டது அப்பா, கொக்கி மாட்டாமல் விட்டது மறதி, போலீசில் பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவள் அவள். ரெங்கம்மாள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை.

“நீ சொல்றத நம்புறேன். ஆனா எம்புள்ளைங்க காதுல வேற வுழுவுது. அப்பன வெட்டிச் சாச்ச மாதிரி பேசுறாங்க, சிரிக்கிறாங்க. ஒங்கப்பா இங்க வந்து, தெரு கேக்க, தெரியாம நடந்துச்சுன்னு ஒரு வார்த்த சொல்லட்டும். போதும்.”

மகள் வந்து சொன்னபோது தங்கையன் முடியாதென்று சொல்லவில்லை. மறுநாள் காலை சட்டை போட்டுக்கொண்டு மகளோடு கிளம்பினார். ரெங்கம்மாள் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தெருவில் ஆட்கள் கூடிவிட்டார்கள். தங்கையன் தோள்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். உதடு அசைந்தது. “ரெங்கம்மா,” என்றார்.

அதற்குள் கமிட்டியைச் சேர்ந்த உத்திராபதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். அவன் வயல் குட்டைக் கரையை ஒட்டியே இருந்தது. அவன் சத்தம் போடவில்லை. “தாசில்தார் வயலுக்கு வந்திருக்காரு, வாங்கண்ணே,” என்று அவர் முழங்கையைப் பிடித்தான். தாசில்தார் வரவில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். தங்கையனுக்கும் தெரியும். அவர் ஒருமுறை மகளைப் பார்த்தார். பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உத்திராபதி பின்னால் நடந்தார்.

ரெங்கம்மாள் பிள்ளைகளை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். பொங்கலுக்கு முன்னால் பிள்ளைகளோடு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். வீட்டைக் கேட்பாரில்லை. அடுத்த மழையில் ஒரு சுவர் விழுந்தது.

கொலைப் புகார் ஆதாரமில்லாமல் தள்ளுபடியானது. கவனக்குறைவு என்று வழக்கு நடந்து, கமலவல்லிக்கு அபராதம் விதித்தார்கள். கோர்ட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் தங்கையன் காத்திருந்தார். அவர் தாடி நரைத்து நீண்டிருந்தது. ஊர்க்காரர்கள் இருவர் அவரைப் பார்த்து மரியாதையாக ஒதுங்கிப் போனார்கள்.

“என் தப்ப நீ ஏம்மா ஒன்மேல போட்டுக்கிட்ட?” என்றார்.

அவள் ரோட்டோர பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள். நாகப்பட்டினம் பஸ் வந்து நின்றதும், “ஒரு எடத்துலயாச்சும், இந்தக் கோர்ட்டு ஏட்டுலயாச்சும், அது விபத்துன்னு இருக்கணும்ல,” என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டாள்.

அவர் ஜன்னல் பக்கமாக வந்து, அறுப்புக்கு வருவாயா என்று கேட்டார். பஸ் நகர்ந்துகொண்டிருந்தது. அவள் கேட்காதது போல எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.