சிவக்காத கிருமி

"உயிர் என்பது மரபணுவின் விதியன்று, அது சூழல் எழுதும் தீர்ப்பு."

இந்த மாபெரும் உண்மையைக் கலாநிதி தியாகலிங்கம், கொக்குவிலில் உள்ள தமது நுண்ணுயிர் ஆய்வு நிலையத்தில், குளிரூட்டிக்கு நேர் கீழே நின்று, அலுமாரிக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். மூக்குக்கண்ணாடியைச் 'சூழல்' என்ற இடத்தில் கழற்றுவதா, 'தீர்ப்பு' என்ற இடத்தில் கழற்றுவதா என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.

ஆய்வு உதவியாளர் நிரோஜா கதவடியில் கண்ணாடித் தட்டுகளோடு நின்றாள்.

"சேர், ஒண்டும் சிவக்கேல்லை."

கோண்டாவில் வெங்காயத் தோட்டத்து மண்ணில் எடுத்த ஒரு கிருமியோடுதான் அவளுக்கு இரண்டு வருடமாகச் சீவியம். சிவப்பு நிறம் செய்யும் மரபணு அதனிடம் எப்போதும் உண்டு. இருபத்தெட்டுப் பாகைச் சூட்டில் வளர்த்தால் அதைத் திறந்து குங்குமமாய்ச் சிவக்கும். முப்பத்தேழில் வளர்த்தால் மூடிவிட்டு வெள்ளையாய்க் கிடக்கும். மூடுவது எது என்பதைப் பாதிவரை கண்டுபிடித்திருந்தாள். மீதிக்கு, ரொறன்ரோவிலிருந்து வந்திருக்கும் கதிரவேலு இன்று பின்னேரம் ஓம் சொல்ல வேண்டும். நிலையம் நடப்பது அவருடைய காசில். அறிக்கையை வாசித்துப் பார்க்கத் தனக்கு நேரமில்லை, சிவப்பைக் கண்ணால் கண்டால் காசு தருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தார். காணாவிட்டால் இந்த மாதத்தோடு நிரோஜாவின் வேலை முடிந்தது.

"நான் இருபத்தெட்டிலை வைச்சிட்டுத்தான் நேற்றுப் போனனான். காலமை வந்து பாத்தா அந்த வளர்ப்புப் பெட்டிக்குள்ளை மாலை கிடக்கு."

"பிறகென்ன செய்யிறது? பிரிட்ஜ் முழுக்க ரோல்ஸ். மாலை வாடினா அந்த மனிசன் என்ன நினைப்பார்? உதுகளை மற்றப் பெட்டிக்கு நானே மாத்தினனான். ஒண்டும் சிந்தேல்லை, பாத்தியளே."

"மற்றப் பெட்டி முப்பத்தேழு, சேர்."

தியாகலிங்கம் கலாநிதிப் பட்டம் பெற்றது வெப்பநிலையும் மரபணு வெளிப்பாடும் என்ற தலைப்பில். பட்டம் அவருக்குப் பின்னால் சட்டம் போட்டுத் தொங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"பின்னேரத்துக்குள்ளை சிவக்காதோ?"

"குளிரான இடத்திலை வைச்சா நாளைக்குத்தான்."

"அண்ணை இண்டைக்கே கொழும்புக்குப் போறார்."

ரோல்ஸைச் சூடாக்க வந்த உதயகலா, நிலையத்தின் எழுதுவினைஞர், எட்டிப் பார்த்தாள். "கேசரிப் பவுடர் கொஞ்சம் தூவுவமோ?"

"விஞ்ஞானத்திலை அறம் எண்டு ஒண்டு இருக்கு, பிள்ளை." தியாகலிங்கம் சற்று யோசித்தார். "பவுடர் என்ன நிறம்?"

"செம்மஞ்சள், சேர்."

"அப்ப வேண்டாம்."

பின்னேரம் கதிரவேலு வந்தார். குத்துவிளக்கு ஏற்றினார்கள், தேவாரம் பாடினார்கள், சூழல் தன் தீர்ப்பை எழுதியது. எங்கே வைத்தாலும் வாடாத ஏலக்காய் மாலை கழுத்தில் கமகமக்க, அவர் தட்டுகளுக்கு மேல் குனிந்தார். பத்திரிகைக்காரர் படமெடுத்தார்.

"சிவப்பெண்டியள். வெள்ளையாயெல்லோ கிடக்கு?"

"இளம் பிள்ளையள், அண்ணை," என்றார் தியாகலிங்கம், நிரோஜாவைக் காட்டி. "கவனம் காணாது."

நிரோஜா வாயைத் திறந்தாள். மாலையைப் பார்த்தாள். நிலையத்தின் முழுச் சூழலும் அந்த நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடினாள்.

"குறை நினையாதை, பிள்ளை," என்று கதிரவேலு அன்பாகச் சொன்னார். "இந்தக் காசைக் கோயில் தேர்முட்டிக்குக் குடுத்தா சனம் கண்ணாலை காணும்."

அவர் போனதும், கழுவ மனமில்லாமல், தட்டுகளைத் தியாகலிங்கத்தின் மேசையில் குளிரூட்டிக்குக் கீழே வைத்துவிட்டு அவள் வீட்டுக்குப் போனாள். அவருடைய குளிரூட்டி இராப்பகலாக ஓடுவது.

காலையில் அவை சிவந்திருந்தன. அதே கிருமி, அதே மரபணு. மேசை முழுக்க இரத்தச் சிவப்பு.

அவசரமாகப் படமெடுத்துக் கதிரவேலுவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஒரு ரோசாப்பூப் படமும் காலை வணக்கமும் பதிலாக வந்தன.

"சேர், நீங்கள் ஒருக்கா எடுத்துச் சொன்னீங்களெண்டா..."

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? மாலையாலைதான் எண்டோ?" தியாகலிங்கம் பத்திரிகையிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "நேற்று வெள்ளை, இண்டைக்குச் சிவப்பெண்டா சாயம் போட்டிட்டியள் எண்பினம். கழுவி வையுங்கோ."

அவள் கழுவி வைத்தாள்.

பத்திரிகையில் படம் பெரிதாகவே வந்திருந்தது. நிலையத்தின் தயிர் உற்பத்தியைக் கதிரவேலு பார்வையிடுகிறார் என்று அதன் கீழே எழுதியிருந்தது. மத்தியானத்துக்குள் இரண்டு பேர் சட்டியோடு கேற்றடிக்கு வந்தார்கள்.