ஒன்றரைச் சுற்று

கடிகாரக்காரருக்குக் கைராசி உண்டு, வாய்ராசி கிடையாது. அந்த வாய்க்குப் பயந்து கூடப்பிறந்த தம்பி கடைப்படி ஏறாமல் மூன்று வருஷம் ஆகிறது.

தம்பிக்கு நாரை என்று பட்டப்பேர். முழங்கால் தண்ணீரில் நின்றுவிட்டால் அவனுக்குப் பசி தாகம் தெரியாது. அண்ணன் தம்பி இருவருக்கும் தூண்டில் பித்து. மண்புழு மாட்டுகிற வேலை அல்ல. தூண்டில் முள்ளில் மெழுகு தடவிய பட்டு நூல் சுற்றி, கழுத்தில் கவுதாரி இறகு கட்டிச் செய்கிற பொய்ப்பூச்சி. இறகு ஒரு சுற்று, மிஞ்சினால் ஒன்றரை. அப்போதுதான் தண்ணீருக்குள் அது மெல்ல அசையும், மீன் ஏமாறும்.

அண்ணனுக்கு இடக்கைப் பழக்கம். முள்ளின் வளையத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தால், மற்றவர்கள் சுற்றிய நூல் கடிகார முள் போகிற வழியில் போகும். இவர் சுற்றியது எதிர்வழியில் போகும். ஊருக்கெல்லாம் நேரத்தைச் சரி பண்ணுகிறவர் நூலை மட்டும் பின்னால் ஓடவிடுகிறார் என்று நாரை கேலி செய்வான்.

நாரைக்கு எதிலும் தாராளம். இறகு நாலு சுற்றுக்குக் குறையாது. இது பூச்சியா கோழிக்குஞ்சா என்று ஒருநாள் கடையில் நாலு பேர் பார்க்கக் கேட்டார் அண்ணன். கேட்டதோடு விட்டாரா? அவன் ஆசையாகக் கட்டிவந்த அத்தனையையும் பிளேடால் வழித்து, வெறும் முள்ளாக்கிக் கையில் கொடுத்தார். நாரை சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான். அப்புறம் வரவில்லை.

வெள்ளம் வடிந்த நாலாம் நாள், தீயணைப்புக்காரர் ஒருவர் தூண்டில் கழியையும் ஒரு தகர டப்பாவையும் கொண்டுவந்து கடை மேஜையில் வைத்தார். பாலத்தூணில் சிக்கிக் கிடந்ததாம். நாரையின் வீடு ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்தது; ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் வெளியூர் போவது அவனுக்குப் புதிதல்ல. இது அவனுடையதென்றால் பாலத்தடி மடுவில் தேட ஆள் இறக்க வேண்டும் என்றார் தீயணைப்புக்காரர். சாப்பாட்டுத் தூக்குடன் வந்த கடிகாரக்காரரின் மனைவி கதவோரமே நின்றுவிட்டாள்.

கழி யாரிடமும் இருக்கக்கூடியது. கடிகாரக்காரர் டப்பாவைத் திறந்தார். பன்னிரண்டு பூச்சிகள். கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகி ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் ஒன்றரைச் சுற்று, இம்மி பிசகவில்லை. அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இது என் தம்பி கட்டினது இல்ல. அவனுக்கு நாலு சுத்துக்குக் கம்மியா கட்டவே வராது" என்றார். சொல்லும்போது சிரிக்கக்கூடச் செய்தார்.

தீயணைப்புக்காரர் தலையாட்டிவிட்டுக் கழியை எடுத்தார். தூண்டில் நரம்பின் நுனியில் இன்னொரு பூச்சி ஈரத்தோடு தொங்கியது. பழக்கதோஷம், கடிகாரக்காரர் அதையும் பிடித்து வளையத்தைத் தன் பக்கம் திருப்பினார். நூல் எதிர்வழியில் போயிருந்தது.

அவர் கட்டியது. அவர் யாருக்கும் விற்றதில்லை, கொடுத்ததில்லை. வீட்டு அலமாரியில் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பதோடு சரி. மனைவியைப் பார்த்தார்.

"நான்தான் எடுத்துக் குடுத்தேன்" என்றாள் அவள். "ஒண்ணே ஒண்ணு. அதைப் பாத்துப் பாத்துதான் கட்டிப் பழகினான். அண்ணன் கட்டினது மாதிரியே ஒரு டஜன் வரட்டும் அண்ணி, நானே கொண்டுபோய்க் காட்டறேன், அதுவரைக்கும் சொல்லாதீங்கன்னான்."

தூக்கை அங்கேயே வைத்துவிட்டு அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். தீயணைப்புக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மேஜைமேல் பிளேடு கிடந்தது. கடிகாரக்காரர் அதைத் தள்ளி வைத்துவிட்டு, பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து பார்த்தார். ஒரு நூல், ஒரு முடிச்சு, எங்கேயாவது தம்பியின் பழைய தாராளம் எட்டிப் பார்க்காதா என்று தேடினார். ஒன்றிலும் இல்லை.

"என் தம்பியோடதுதான்" என்றார். "ஆள இறக்குங்க."

பிறகு கண்ணிலிருந்த கண்ணாடியைக் கழற்றாமலே, "நல்லா கட்டியிருக்கான்" என்றார்.