அறுபத்துநான்கு விநாடிகள்

ஐந்து மைல் தூரத்தை ஒரு மோட்டார் எத்தனை நேரத்தில் ஓடியது என்று சொல்வது கேட்பதற்குச் சுலபம். புறப்படும் இடத்தில் நிற்பவருக்கு வண்டி போய்ச் சேர்வது தெரியாது. சேரும் இடத்தில் நிற்பவருக்கு அது கிளம்பியது தெரியாது. நடுவில் டெலிபோன் கம்பியும் கிடையாது. அதனால் பாளையம் மோட்டார் கிளப்பில் இரண்டு கடிகாரங்களை வைத்துக் காரியம் நடத்தினார்கள். காலையில் இரண்டையும் அருகருகே வைத்து, விநாடி முள் பிசகாமல் ஒன்றாக ஓடவிடுவார்கள். பிறகு ஒன்று புறப்படும் முனையில் தங்கும், மற்றது ஐந்து மைல் தள்ளிப் போய்விடும். ஒவ்வொரு வண்டிக்கும் இங்கே ஒரு நேரம், அங்கே ஒரு நேரம். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் ஓடிய நேரம் வந்துவிடும்.

காலையில் இரண்டையும் சேர்த்து ஓடவிடுவதற்குக் கிளப்பில் பொருத்தம் பார்ப்பது என்று பெயர். பந்தயம் முடிந்த பிறகு இன்னொரு தரம் பார்க்கலாமே என்று யாரோ ஒருமுறை கேட்டதற்கு, "கல்யாணத்துக்கு முன்னாடிதான் பொருத்தம் பாப்பாங்க. அப்புறம் பாத்து என்ன பிரயோஜனம்?" என்று சேரும் முனையில் நேரம் பார்க்கும் நோரா சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். அன்றோடு அந்தப் பேச்சு முடிந்தது.

1934ஆம் வருஷம் சங்கராந்தி விடுமுறையன்று புறப்படும் முனைக் கடிகாரம் முதல் தடவையாக ரெமிஜியஸ் கைக்கு வந்தது. ஜீவனஹள்ளியில் குடியிருந்த தந்தி ஆபீஸ் குமாஸ்தா அவன். ஆறு வருஷமாகக் கிளப்புக்குத் தொண்டு செய்தவன். ரோட்டில் கல் பொறுக்கினான், பள்ளத்தில் மண் கொட்டினான், வண்டிகளுக்கு நம்பர் எழுதினான். அவனோடு சேர்ந்து மண் கொட்டியவன் நோயல், தங்கை பவுலினின் புருஷன், மோட்டார் ஷெட்டில் மெக்கானிக். நோயலுக்கு இந்த வருஷம் ஒரு காப்பித் தோட்டக்காரர் தம்முடைய சின்ன ஸ்போர்ட்ஸ் காரை ஒரு காலைப்பொழுதுக்கு இரவல் கொடுத்திருந்தார். ஜெயிக்கிறவரைத்தான் பிப்ரவரியில் மதராஸ் பந்தயத்துக்குக் கிளப் அனுப்பும். மண் கொட்டியவன் ஸ்டியரிங் பிடித்து மதராஸ் போவதா என்று கிளப்பில் பாதிப் பேர் சிரித்தார்கள். மறு பாதி நோயலுக்காக ஜெபமே செய்தது.

ஜோகுபாளையத்தைத் தாண்டி, பழைய மதராஸ் ரோட்டில் வண்டிகள் வரிசையாக நின்றன. ஏழரைக்கு முதல் வண்டியாக நோயல் கிளம்ப வேண்டும். ஏழு இருபதுக்கு அவனுடைய இன்ஜின் இருமிவிட்டு நின்றது.

"மேக்னட்டோ மச்சான்," என்றான் நோயல். அவன் கை கிரீஸில் வழுக்கிக்கொண்டிருந்தது. "பொறி வரமாட்டேங்குது. பாயின்ட்டுல அழுக்கு. உன் விரலு சின்னது, கொஞ்சம் பாரேன்."

நேரம் பார்க்கிறவர் போட்டி வண்டியைத் தொடக் கூடாது என்பது கிளப்பின் சட்டம். ரெமிஜியஸ் சுற்றிப் பார்த்தான். ஆட்கள் எல்லோரும் ரோட்டோரத்தில் மாட்டுவண்டிகளை மறிக்கப் போயிருந்தார்கள். கொம்பில் சாயம் பூசிய காளைகளோடு ஒரு வண்டிக்காரன், "எஷ்டு ஹொத்து ஸ்வாமி?" என்று, இன்னும் எவ்வளவு நேரமென்று, கன்னடத்தில் கத்திக்கொண்டிருந்தான்.

ரெமிஜியஸ் குனிந்தான். ஒரு விசிட்டிங் கார்டைக் கிழித்து, தொட்டுத் தொட்டு விலகும் பாயின்ட்டுகளின் நடுவே விட்டு, இழுத்துத் துடைத்தான். இரண்டே நிமிஷம். ஆனால் நோயல் மூடியை மாட்டி இன்ஜினைக் கிளப்புவதற்குள் அவன் முறை போய்விட்டது. அவனைக் கடைசிக்குத் தள்ளினார்கள். ஏழரைக்கு, வரிசையில் இரண்டாவதாக நின்ற மதலைமுத்து முதலில் கிளம்பினார். அப்புறம் பத்து நிமிஷத்துக்கு ஒரு வண்டி. எட்டு நாற்பதுக்கு, எட்டாவதாக, நோயல் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தான்.

கிளப் லாரியில் ஏறி ரெமிஜியஸ் மறுமுனைக்கு வந்தபோது மணி ஒன்பது. அங்கே மாந்தோப்பு, சாமியானா, பிரியாணி வாசனை. நோரா மேஜை போட்டு உட்கார்ந்திருந்தாள். காக்ஸ் டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர், கணக்கு அவள் விரல்நுனியில். அவன் கொடுத்த தாளைப் பார்த்துக் கழித்துக்கொண்டே போனாள்.

"மதலைமுத்து ஆறு நிமிஷம் இருபது, அவரை யாரும் தாண்டல. உன் மச்சான்…" பென்சில் நின்றது. "அஞ்சு அம்பத்திரண்டு! அந்தப் பொம்மை காரா?"

செய்தி சாமியானாவுக்குள் பற்றிக்கொண்டது. நோயலை நாலு பேர் தோளில் தூக்கினார்கள். பவுலின் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அழுதாள்.

ரெமிஜியஸும் சிரித்தான். சிரித்துக்கொண்டே, எந்த எண்ணமும் இல்லாமல், தன் கடிகாரத்தை நோராவின் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தான்.

அவனுடையது ஒரு நிமிஷம் நாலு விநாடி முன்னால் ஓடியது.

எது தப்பு? அவளுடையது பின்தங்கியதா, இவனுடையது முந்தியதா? காலை ஆறே முக்காலுக்கு இரண்டும் ஒன்றாகத்தானே ஓடின? அவன் சாமியானாவை ஒரு சுற்று நடந்தான். தண்ணீர் வாங்கினான், குடிக்காமல் வைத்தான். மறுபடி மேஜைக்கு வந்தான். ரோட்டுப் படத்தின்மேல் ஒரு திசைகாட்டி கிடந்தது. அதைப் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. புரிய வேண்டாமென்றுதான் இருந்தது.

மேக்னட்டோ என்றால் உள்ளே குதிரை லாடம் போல வளைந்த காந்தம். அதற்கு எதிரே கம்பிச்சுருள் சுழல்வதால்தான் பொறி பிறக்கிறது. அதன்மேல் அவன் கவிழ்ந்து குனிந்தபோது கடிகாரம் சட்டைப் பையில் இருந்தது. கடிகாரத்தின் உயிர் மயிர்போன்ற ஒரு எஃகுச் சுருள். அது விரிந்து சுருங்குகிற தாளத்தில்தான் நேரம் நடக்கிறது. எஃகு காந்தமானால் சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானதுபோல் ஆகி, தாளம் துரிதப்படும்.

நோராவின் கடிகாரத்தைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் பிடித்துத் திருப்பினான். முள் லேசாக அசைந்ததோடு சரி. தன்னுடையதைத் திருப்பினான். முள் இந்தப் பக்கம் ஓடியது. மறுபக்கம் திருப்பினான். அந்தப் பக்கம் ஓடியது.

புறப்பட்ட நேரத்தைக் கடிகாரம் கூட்டிக் காட்டினால், ஓடிய நேரம் குறைந்து வரும். முதலில் போனவருக்கு ரொம்பக் கொஞ்சம். கடைசியில் போனவனுக்கு நிறைய.

அவன் நோயலை மாமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னான். நோயலின் முகத்திலிருந்த சிரிப்பு இறங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"யாருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும்."

"அப்போ உனக்கு மட்டும் தெரிஞ்சிட்டுப் போகட்டும். வாயை மூடிட்டு பிரியாணி துன்னு." நோயல் அவன் சட்டைப் பையைத் தட்டினான். "எப்படி ஆச்சுன்னு கேப்பாங்கடா. வண்டியைத் தொட்டேன்னு சொல்லணும். உன்னையும் தூக்கிடுவாங்க, என்னையும் கள்ளன்னு சொல்லுவாங்க. சும்மா சுமக் சுமக்குன்னு எதுக்கு பேஜாரு?"

"நான் கையெழுத்துப் போடணும், மச்சான்."

"போடேன்! ஆறு வருஷம் மண்ணு கொட்டினோமே, அதுக்குப் போடு."

பத்து மணிக்கு முடிவு வாசிக்க வேண்டும். அதற்கு முன்பு நேரம் பார்த்த இருவரும் தாளில் கையெழுத்திட வேண்டும். ஒன்பதே முக்கால். ரெமிஜியஸ் தோப்பின் ஓரம் வரை போனான், திரும்பினான். மேஜைக்கு வந்தான், பேனாவைத் தொட்டான், எழுந்து போனான்.

"மூட்டைப்பூச்சி கடிச்சிச்சா உன்னை?" என்றாள் நோரா. "ஒரு இடத்துல நில்லு, ரெமி. இந்தா, போடு."

பேனாவை வாங்கினான். அப்போது மதலைமுத்து, அறுபதைத் தொட்ட பேக்கரிக்காரர், நேரே நோயலிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்குவது தெரிந்தது. "மதராஸ்காரனுங்களுக்குக் காட்டிட்டு வாப்பா," என்றார். நோயல் தரையைப் பார்த்தான்.

ரெமிஜியஸ் பேனாவைக் கீழே வைத்தான்.

"நோரா, இன்னொரு தடவை பொருத்தம் பாக்கணும். செக்ரட்டரி சாரைக் கூப்பிடு."

செக்ரட்டரி சீனிவாசராகவன் வக்கீல். இரண்டு கடிகாரங்களையும் பார்த்தார், திசைகாட்டி முள் ஓடுவதையும் பார்த்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முதலில் ஒரு கேள்வி கேட்டார்.

"போட்டி வண்டியில கை வச்சேளா?"

"வச்சேன் சார்."

"ரெண்டு நிமிஷமா, இருபது நிமிஷமாங்கறது இல்லே கேள்வி. சரி. மணிக்கு இத்தனை விநாடின்னு கணக்குப் போட்டுக் கழிச்சுடலாமோன்னோ?"

"முடியாது சார். சீரா ஓடியிருந்தா கழிக்கலாம். சுருள் சில சமயம் ஒட்டும், சில சமயம் விடும். லாரியில குலுங்கினப்போ எவ்வளவு ஓடிச்சோ, தெரியாது."

மறுபடி ஓட்டவும் வழியில்லை. ஒன்பதரை வரைக்கும்தான் ரோட்டை மறிக்கப் போலீஸ் அனுமதி. பந்தயம் ரத்து என்று சீனிவாசராகவன் வாசித்தார். மதராஸுக்கு இந்த வருஷம் யாரும் இல்லை. ரெமிஜியஸ் இனி கடிகாரத்தைத் தொடக் கூடாது. விடியுமுன் எழுந்து ரோடு கூட்டிய நாற்பது பேர் அவனைத் திரும்பிப் பார்த்தார்கள். "மச்சானுக்கு மச்சான் குழி," என்று யாரோ சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. பவுலின் எழுந்து சாமியானாவின் மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள்.

பதினோரு மணிக்குக் காப்பித் தோட்டக்காரரின் டிரைவர் வந்து காரை எடுத்துக்கொண்டு போனார். அது புளியமரங்களுக்குள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்த நோயல், பிறகு மேஜைக்கு வந்தான்.

"நிஜமா நான் எவ்வளவு நேரத்துல ஓடினேன்?"

"சீரா முந்தியிருந்தா, ஆறு நிமிஷம் நாப்பதுக்கு மேல."

"சீரா முந்தலன்னா?"

ரெமிஜியஸ் யோசித்தான். "பாதிக்கு மேல லாரியில வரும்போது முந்தியிருந்தா, நீ ஜெயிச்சிருக்கலாம்."

"ஜெயிச்சிருக்கலாம்," என்றான் நோயல். கோபமா, கேள்வியா என்று தெரியவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டான். "ரெண்டையும் பக்கத்துல வை. எப்படித்தான் முந்துதுன்னு பாப்போம்."

இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். முதல் பத்து நிமிஷத்தில் மூன்று விநாடி முந்தியது. அடுத்த பத்தில் பதினொன்று. அடுத்ததில் ஒன்றுகூட இல்லை. சாமியானாக் கம்புகளைப் பிடுங்க ஆட்கள் வந்தார்கள். நோரா தன் கடிகாரத்தைக் கேட்டுக் கையை நீட்டினாள்.

"இன்னும் ஒரு பத்து நிமிஷம், மிஸ்," என்றான் நோயல், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.