முதல் கட்டில்

எங்கள் வார்டில் முதல் கட்டிலைக் கண்டாலே தாய்மாருக்கு ஆகாது. அதில் படுத்த பிள்ளை வீடு திரும்பாது என்று ஒரு பேச்சு. கிளப்பிவிட்டது யாரென்று தெரிந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

விஷயம் இவ்வளவுதான். ஒத்தக்கடை தாண்டி இருக்கிற சின்ன தர்ம ஆஸ்பத்திரி இது. குழந்தைகள் தீவிர சிகிச்சைக்கென்று தனி அறையெல்லாம் கிடையாது. டாக்டர் பத்ரி வந்த பிறகுதான் ஓர் ஏற்பாடு வந்தது. மிக மோசமாக இருக்கிற பிள்ளையை நர்ஸ் மேசைக்குப் பக்கத்திலிருக்கிற இந்த முதல் கட்டிலில் போட வேண்டும். போகும்போதும் வரும்போதும் பாதத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சில்லிட்டிருந்தால் உடனே அவரைக் கூப்பிட வேண்டும். இதனால் பிழைத்த பிள்ளைகள் அநேகம். ஆனால் சாகக் கிடக்கிற பிள்ளைகளை மட்டுமே ஒரு கட்டிலில் போட்டால், சாவும் அந்தக் கட்டிலில்தானே நடக்கும்? இதைச் சொன்னால் தாய்மார் தலையை மட்டும் ஆட்டுவார்கள்.

இசைவாணி மேலூர்ப் பக்கத்துக்காரி. கைக்குழந்தை பவதாரிணிக்கு நிமோனியா. முதல் கட்டில் என்றதும் வேறு இடம் கேட்டுக் கெஞ்சினாள். நான் அதட்டித்தான் பிள்ளையைப் படுக்க வைத்தேன். மூக்கில் ஆக்சிஜன் குழாய், கால் விரலில் மானிட்டர் கிளிப்.

மறுநாள் உச்சி வெயில் நேரம். மருந்து எடுக்க ஸ்டோருக்குப் போய்விட்டுத் திரும்பினேன். இசைவாணி கட்டிலோரம் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், ஒரு கை போர்வைக்குள். மானிட்டரில் ஆக்சிஜன் அளவு தொண்ணூற்றெட்டு. காலையிலிருந்து தொண்ணூறைத் தொடவே தவித்த பிள்ளை! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கட்டில் உன் மகளைத் தின்றுவிட்டதா என்று கேலிகூடப் பேசினேன். அவள் சிரிக்கவில்லை.

போகிற போக்கில் பாதத்தைத் தொட்டேன். கல்லாகச் சில்லிட்டிருந்தது.

போர்வையை விலக்கினேன். உள்ளே மண்ணால் செய்த குழந்தை. உடம்பெல்லாம் வெள்ளை பூசி, வட்டமாகக் கண் எழுதியிருந்தது. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு அய்யனார் கோயிலில் கொண்டுபோய் வைப்பார்களே, அந்த மதலை. அதன் மூக்கில் நான் ஒட்டிய குழாய் காற்றை விட்டுக்கொண்டிருந்தது. கிளிப் இசைவாணியின் விரலில். அந்தத் தொண்ணூற்றெட்டு அவளுடையது. எழுதின கண் என்னையே பார்த்தது. பயந்துவிட்டேன், அதை மறைப்பானேன்.

பிள்ளை எங்கே என்று கேட்டேன்.

"சத்தமாப் பேசாதீங்க சிஸ்டர்," என்றாள். "நான் எந்திரிச்சா கட்டிலுக்குத் தெரிஞ்சிரும்."

கடைசி மூலைக் கட்டிலில், அந்த மதலையைப் பையில் போட்டுக் கொண்டுவந்த நாத்தனார் முனியாயி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில், முந்தானைக்கு அடியில் பிள்ளை. உதடு நீலம் பாரித்திருந்தது. நான் போட்ட கூச்சலில் டாக்டர் ஓடிவந்து, மூச்சுப் பையை முகத்தில் வைத்து அமுக்க ஆரம்பித்தார். முதல் கட்டிலுக்குத் தூக்கலாம் என்றால் இசைவாணி குறுக்கே விழுந்து மறித்தாள். மல்லுக்கட்ட நேரமில்லை. கட்டில் கிடக்கட்டும், எல்லாவற்றையும் இங்கே கொண்டு வா என்றார் டாக்டர்.

சிலிண்டர் வந்தது, மானிட்டர் வந்தது. இனி என் கண்ணும் இங்கேதான் இருந்தாக வேண்டும் என்பதால் கடைசியாக என் நர்ஸ் மேசையையும் தள்ளிக்கொண்டு போனேன். அதன் கால்கள் தரையில் கிறீச்சிட்டன. வழியிலிருந்த தாய்மார் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள். என்ன ஜன்மங்களோ என்று எரிச்சலாக வந்தது.

மேசையைப் பிள்ளையின் தலைமாட்டில் நிறுத்தினேன். மானிட்டரில் எண் மெல்ல ஏறியது. நீலம் விலகி உதடு சிவந்தது. பாதத்தைத் தொட்டேன், சூடு வந்திருந்தது. அழுகையே வந்துவிட்டது எனக்கு. உன் மகள் பிழைத்துக்கொண்டாள் என்று சொல்லத் திரும்பினேன்.

இசைவாணி மேசையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அப்படியே என் காலடியில் விழுந்தாள்.

"கட்டில் இல்ல. நீதானா தாயி," என்றாள். "அங்கிட்டு கட்டில்ல ஒனக்கு ஒண்ணு வச்சிருக்கேன். அத எடுத்துக்க."