இடது சக்கரம்

காலை பத்தே முக்காலுக்கு ரூத் வேண்டுமென்றே சிப்பைக் கெடுத்தாள். உண்மையான சிப் இன்னும் பிறக்கவில்லை. கணினிக்குள் வடிவமைப்பாக மட்டும்தான் இருந்தது. அதிலும் அவள் கைவைத்தது தன் சொந்தப் பிரதியில். லாரிகளின் பிரேக்கைக் கட்டுப்படுத்தப்போகும் சிப் அது. இடது சக்கரத்தின் வேகத்தைச் சொல்லும் சிக்னலை எப்போதும் பூஜ்யம் என்று கட்டிப்போட்டுவிட்டு, இடது பக்கத்துக்கான சோதனைகளை ஓடவிட்டாள். திரை சிவக்க வேண்டும். இருபது நிமிடத்தில் மேலிருந்து கீழ்வரை பச்சை. எல்லாம் பாஸ்.

அன்று மாலை மூன்று மணிக்கு இறுதி ஒப்புதல். அதன் பிறகு கோப்பு தொழிற்சாலைக்குப் போய்விடும். சிலிக்கானில் பதிந்ததை அழித்து எழுத முடியாது. நாவலூரில் அந்த அலுவலகத்தின் நான்காவது மாடியில் பதினாறு பேர் இந்த நாளுக்காகக் காத்திருந்தார்கள். கேக்குக்குச் சொல்லியாகிவிட்டது. ரூத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை சோதனைகளை ஓட்டி எண்ணிக்கையை அறிக்கையில் நிரப்புவது மட்டும். ஒப்பந்தத்தில் வந்தவள், சேர்ந்து நான்கு மாதம்தான். அதற்கு முன்பு மறைமலைநகரில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனையில் இருந்தாள். அங்கே ஷிஃப்ட் தொடங்கும்போது கெட்டுப்போன ஒரு துண்டை அளவுகருவியில் வைத்துப் பார்ப்பார்கள். கருவி அதைத் தள்ளினால்தான் அன்றைய வேலை தொடங்கும். நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் ஒருமுறைகூடச் சிவக்காமல் ஓடியதைப் பார்த்தபோது, அந்தக் கெட்ட துண்டு இங்கே எங்கே என்று அவளுக்குத் தோன்றியது.

எழுந்துபோய் மோகனை அழைத்தாள். சோதனை அமைப்பு முழுவதையும் எழுதியவன் அவன்.

"இன்னா ரூத், மூணு மணிக்கு மீட்டிங்க வெச்சிக்கினு?"

"இடது பக்கத்த நான் சாகடிச்சிட்டேன். உங்க டெஸ்ட்டு அது நல்லா கீதுன்னு சொல்லுது."

மோகன் சிரித்தான். பிறகு அவளுடைய திரையைப் பார்த்தான். சிரிப்பு நின்றது.

சோதனைகள் கிளாஸ் என்கிற நிரல் துண்டுகளாக எழுதப்படுபவை. ஓட்டும்போது உருவாகி, முடிந்ததும் மறைந்துவிடும். சிப்பின் கம்பிகளோ முதலிலிருந்தே அங்கே இருப்பவை. கிளாஸால் கம்பியை நேராகத் தொட முடியாது. விர்ச்சுவல் இன்டர்ஃபேஸ் என்கிற கைப்பிடியை வாங்கி, அதன் வழியாகத்தான் தொட வேண்டும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. எந்தக் கைப்பிடி யாருக்கு என்று எழுத வேண்டிய இரண்டு வரிகளிலும், எட்டு மாதங்களுக்கு முன்பு, பெயருக்குப் பதிலாக நட்சத்திரக் குறியைப் போட்டிருந்தான் மோகன். யார் கேட்டாலும் கொடு என்று அதற்குப் பொருள். பின்னால் எழுதிய வலதே எல்லோருக்கும் போயிருந்தது. இடதுக்கான சோதனைகள் அத்தனை நாளும் வலது சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இடது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"ரெண்டு பக்கமும் ஒரே டிசைனு," என்றான் மோகன், தாழ்ந்த குரலில். "வலது சரின்னா இடதும் சரிதான். இத்த இப்ப கிளப்பினா பேஜாரு ரூத். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

அவன் கெட்டவன் இல்லை என்று ரூத்துக்குத் தெரியும். சேர்ந்த புதிதில் அவளுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவன் அவன் ஒருவன்தான். அவன் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. ஆனால் கண்ணுக்கு முன்னால் ஒரு லாரி வந்து நின்றது, மழையில், பாரத்தோடு.

"அடுத்த வாரம் கோப்பு நம்ம கையில இருக்காது, மோகன்."

இரண்டு வரிகளிலும் நட்சத்திரத்தை எடுத்துவிட்டு அந்தந்தப் பக்கத்தின் பெயரை எழுதினாள். வடிவமைப்பைப் பழையபடி சரிசெய்து, நானூற்றுப் பன்னிரண்டையும் எல்லா சர்வரிலும் பிரித்து ஓட்டினாள். மோகன் போகவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். இருவரும் சாப்பிடப் போகவில்லை. ஒன்றரை மணிக்கு முதல் சிவப்பு விழுந்தது. அப்புறம் இன்னொன்று. மொத்தம் இருபத்து மூன்று, எல்லாமே இடது.

காரணத்தை ரூத்தே தோண்டி எடுத்தாள். வலது பக்கத்தை நகலெடுத்து இடதைச் செய்தவர் ஒரு இணைப்பில் பெயரை மாற்ற மறந்திருந்தார்; அங்கே வலது சக்கரத்தின் வேகமே வந்துகொண்டிருந்தது. இடது சக்கரம் மட்டும் சட்டென்று பூட்டிக்கொண்டால் சிப்புக்கு அது தெரியாது; சக்கரம் இன்னும் சுழல்கிறது என்றே நம்பிக்கொண்டிருக்கும்.

மூன்று மணிக்குக் கூட்ட அறையில் குழுத் தலைவர் ரவிச்சந்திரன் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். ரூத் வாய் திறப்பதற்குள் மோகன் எழுந்தான்.

"சார், சைன் பண்ணாதீங்க. தப்பு என்னுது. கண்டுபுடிச்சது ரூத்."

ரவிச்சந்திரன் பேனாவை மூடினார். "ரூத், இங்க வாங்க. நீங்களே காட்டுங்க," என்று தன் நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டார்.

ரூத் இருபத்து மூன்று சிவப்புகளையும் திறந்து, அந்த இணைப்பைக் காட்டினாள். அவள் முடித்ததும், அந்த இணைப்பை எழுதிய டிசைன் எஞ்சினியர் ஜாக்குலின் தலையில் கைவைத்துக்கொண்டு, "அய்யோ, எங் கைதான்," என்றாள். அடுத்த நொடி எழுந்து வந்து ரூத்தைக் கட்டிக்கொண்டாள். யாரோ கைதட்டினார்கள். கேக்கை அன்றைக்கே வெட்டினார்கள், ஒப்புதல் இல்லாமலே.

செவ்வாய்க்கிழமை திருத்திய வடிவமைப்பு எல்லாவற்றிலும் தேறியது. கையெழுத்துக்கு முன் ரவிச்சந்திரன், "மறுபடி கெடுத்துக் காட்டுங்க," என்றார். இடதைக் கெடுத்தாள்; சிவந்தது. வலதைக் கெடுத்தாள், சிவந்தது. தோல்வியைப் பார்த்துப் பதினாறு பேர் ஆரவாரம் செய்ததை அந்த மாடி அன்றுதான் கண்டது. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை முழுதாக எழுதினார்கள்: பெ. ரூத்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, அம்மா ரெஜினாவோடு செய்யூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகப் பேருந்தில் போனாள். மாமல்லபுரத்தில் சித்தி வீட்டில் சாப்பாடு. ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் அம்மாவுக்குச் சொன்னாள். வயல் வேலையிலிருந்து பள்ளிக்கூடச் சத்துணவு வேலைக்கு வந்த ரெஜினா குறுக்கே ஒரு கேள்விகூடக் கேட்காமல் கேட்டாள். கேட்டு முடித்ததும் பின்னிருக்கையில் மீன்கூடையோடு இருந்த பெண்ணிடம் திரும்பினாள்.

"எம்மா, இது எம் பொண்ணு. லாரிக்கு பிரேக்கு புடிக்காம பூட்ருக்கும். இதான் பாத்து நிறுத்துச்சி."

"எந்த லாரிக்கும்மா?"

"எல்லா லாரிக்கும்!"

பேருந்தில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்தார். ரூத் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சவுக்குத் தோப்பு முடிந்து, ஜன்னல் முழுக்கக் கடல் வந்தது. அம்மா அலைச்சத்தத்துக்கும் மேலே குரலை உயர்த்தி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.