கடலடிப் பாறைக்கு வயது பேசி முடித்தார்கள்

ஜினு, வயது இருபத்தாறு, சொந்த ஊர் குழித்துறைப் பக்கம், இப்போதைய இருப்பு தம்பானூரில் ஒரு நிலவியல் ஆலோசனை நிறுவனத்தின் மூன்றாம் மாடி. ஒப்பந்த வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிக்க வேண்டுமானால் ஓர் அறிக்கையில் அவன் கையெழுத்து விழவேண்டும்.

கடலுக்கடியில் எண்ணெய் தங்கக்கூடிய ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்கு. அது எந்த ஆழத்தில் தொடங்கி எங்கே முடிகிறது, பெயர் என்ன, வயது என்ன என்று சொல்வதுதான் அறிக்கை. ஆழத்தில் தகராறு இல்லை. பெயருக்குப் பக்கத்து ஊர்ப் பெயரை வைப்பது வழக்கம். இயக்குநர் பகவதிப்பெருமாளுக்கு வித்துராவில் ரப்பர்த் தோட்டம் இருந்தது. ஆகவே 'வித்துரா சுண்ணாம்புக்கல்'.

"சார், வித்துரா மலையிலல்லா இருக்கு? நம்ம பாறை கடலுக்க அடியில கெடக்கு" என்றாள் உடன் வேலை செய்யும் மாளவிகா.

"பின்னே, மீனு வந்தா கேக்கப் போவுது?" என்றார் இயக்குநர்.

தகராறு வயதில்தான். துளையிடும்போது சேற்றோடு மேலே வந்த கல்துகளில் நுண்ணிய கடலுயிர் ஓடுகள் கிடந்தன. அவற்றைப் பார்த்து, ஒன்றரைக் கோடி ஆண்டு என்று போன வருடமே மாநாட்டில் முழங்கிப் பொன்னாடையும் வாங்கிவிட்டார் இயக்குநர். அவையோ கிணற்றுச் சுவர் இடிந்து மேலடுக்கிலிருந்து உள்ளே விழுந்தவை. அதே ஆழத்தில் முழுசாக வெட்டியெடுத்த பாறைத் தண்டில் அவற்றில் ஒன்றுகூட இல்லை. அதிலிருந்த ஓடுகள் மூன்று கோடி ஆண்டு என்றன.

வயதை முடிவு செய்யக் கமிட்டி கூடியது. பருப்புவடை வந்தது.

"எடே ஜினு, நீ மூணுங்கே, நான் ஒண்ணரைங்கேன். ரெண்டேகாலுல முடிப்போம்" என்றார் இயக்குநர்.

"ரெண்டேகாலுக்கு ஒரு ஓடுகூட கெடையாதே சார்."

"பாறை கேஸா குடுக்கும்? ஒப்பு போடுடே!"

கமிட்டி வடையைக் கடித்தபடி தலையாட்டியது. சாலைக் கடைவீதியில் புடவைக்குக்கூட இத்தனை சீக்கிரம் பேரம் படியாது.

ஜினு பேனாவைத் திறந்தான். இந்த வயதை நம்பி அடுத்த கிணறு தோண்டுவார்கள். எண்ணெய் வராவிட்டால், யார் கையெழுத்து என்று தேடுவார்கள். பொன்னாடையையா தேடப் போகிறார்கள்? பேனாவை மூடினான். வீரமெல்லாம் இல்லை, பயம்தான்.

"அப்போ நீ பொறப்படு" என்றார் இயக்குநர்.

மாடிப்படியில் ஒரு கையில் பெட்டி இருந்ததால் எழுத்து தட்ட முடியவில்லை. போனை வாயருகே பிடித்து, அம்மா சேராத குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்குப் பேசியே எழுதினான்:

"ஷிபாக்கா, எனக்க வேலை போச்சு. ஒரு பாறைக்க வயசுல கள்ளம் எழுதச் சொன்னாவ, நான் ஒப்பு போடேல. அம்மைட்ட நானே வந்து சொல்லுதேன். சாயங்கால வண்டிக்கு வாறேன். யாரு இத வாசிச்சாலும் குழித்துறை ஸ்டேஷனுக்கு பைக் எடுத்துட்டு வாங்க, பெட்டி கனம்."